தடிமனுக்கு மூலிகைக் குளிசையும் கசாயமும்: உண்மையில் நாளைக் குறைக்குதா?

களுவாஞ்சிக்குடிக் கேள்வி | 2024 டிசம்பர் 4
மாரி பிடிச்சதில இருந்து வீடு முழுக்கத் தடிமன். பாமசியில எக்கினேசியா எண்டு ஒரு மூலிகைக் குளிசைப் போத்தலக் காட்டி, இதப் போட்டால் பாதி நாளில மாறும் எண்டு சொல்றாங்க. அம்மா மரமஞ்சளும் கொத்தமல்லியும் அவிச்சுத் தாறா, அது போதும் எண்டுறா. ஏதாவது மூலிகை தடிமன் நாளைக் குறைக்குதா, இல்லாட்டி தானா மாறுறதுக்கு மருந்து பேர் எடுக்குதா?

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 4
முதலில் தடிமனின் போக்கைப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணமான வைரசுகளில் ரைனோவைரஸ் மட்டுமே 160 வகைக்கு மேல். தொற்றி 1 முதல் 3 நாளில் தொண்டை கரகரக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் மூக்கு ஒழுகல் உச்சத்துக்குப் போகும். 7 முதல் 10 நாளில் ஆறும், இருமல் மட்டும் சிலருக்கு மூன்று கிழமை வரை இழுக்கும். ஆட்கள் பாமசிக்கு வருவது அந்த உச்ச நாளில்தான். அன்றைக்கு எதைக் கொடுத்தாலும் அடுத்தடுத்த நாள் குறையத்தான் போகிறது. அதனால் "குடிச்சன், மாறிட்டு" என்பது சாட்சியாகாது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை குடித்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்லலாம்.

எக்கினேசியாவை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, 2014 இல் வந்தது, 24 ஆய்வுகளை, 4,600 பேருக்கு மேல், ஒன்றாகப் பார்த்தது. தடிமன் வந்த பிறகு குடித்தால் குணம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. 2010 இல் அமெரிக்காவில் 719 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய அரை நாள் குறைந்தது போலத் தெரிந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான். 2003 இல் 2 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் பார்த்ததில் நாள் குறையவே இல்லை. மருந்து குடித்த பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு கூடுதலாக வந்தது. ஆக, அந்தப் போத்தலிடம் எதிர்பார்க்கக்கூடியது ஒரு கிழமையில் அரை நாள், அதுவும் நிச்சயமில்லை.

இன்னொன்று: எக்கினேசியா என்பது ஒரே சரக்கு இல்லை. மூன்று இனம், வேர், பூ, இலை, சாறு, பொடி என்று கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒன்றில் கிடைத்த முடிவை மற்றதுக்குச் சொல்ல ஏலாது.

தம்பிலுவில் பரியாரி | டிசம்பர் 5
மருந்தாளர் தம்பி சொன்ன கணக்கு சரி. அம்மாவின்ட பக்கத்துக்கு நான் வாறன். தங்கச்சி, வீட்டில அவிக்கிறது கசாயமா, கொத்தமல்லித் தண்ணியா? ரெண்டும் ரெண்டு சாமான்.

ரெண்டு கை கொத்தமல்லியப் போட்டு பத்து நிமிசம் கொதிக்க விட்டு வடிக்கிறது கொத்தமல்லித் தண்ணி. கசாயத்துக்கு எங்கட நாட்டு அளவு 12 கழஞ்சு சரக்கு, 8 பத தண்ணி, 1 பதயா வத்தவைக்கிறது. இப்பத்த அளவில 60 கிராம் சரக்கு, 1,920 மில்லிலீற்றர் தண்ணி, வடிச்சால் 240 மில்லிலீற்றர். எட்டுக்கு ஒண்டு. பெரியாளுக்குக் காலையில பாதி, பின்னேரம் பாதி.

பஸ்பங்குவ எண்டு கடையில கட்டித் தாற பக்கற்றில அஞ்சு சரக்கு: மரமஞ்சள், கொத்தமல்லி, கண்டங்கத்தரி, பற்பாடகம், இஞ்சி. மரமஞ்சளுக்குச் சிங்களத்தில வெனிவெல். அந்த அஞ்சும் தனித்தனியா வாங்கினால் ஒவ்வொண்டிலயும் 12 கிராம் எடைபோட்டுக் கொத்தி இடிச்சுக்கொள்ளுங்க. பொடியாக்கிறல்ல, ஒண்டிரண்டா உடைச்சால் போதும். பொடி அடியில பிடிச்சுக் கருகும், வடிக்கவும் ஏலாது.

பிழை விடுற இடங்கள் இவ்வளவும்தான். மூடி போட்டு அவிக்கிறது, தண்ணி வத்தாது. நெருப்பக் கூட்டி அரை மணித்தியாலத்தில வத்தவைக்கிறது, சரக்கு இறங்க முந்தியே தண்ணி போயிரும். சின்ன நெருப்பில ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம் வேணும். அலுமினியச் சட்டி வேணாம், மண்சட்டி இல்லாட்டி சில்வர். இரவு வைச்ச கசாயத்த விடிய சூடாக்கிக் குடிக்கிற பழக்கத்த விடுங்க, புளிச்சிரும். அண்டண்டைக்கு அவிக்க வேணும்.

களுவாஞ்சிக்குடிக் கேள்வி | டிசம்பர் 5
எங்கட வீட்டில நடக்கிறது கொத்தமல்லித் தண்ணிதான். அப்ப அதில ஒண்டும் இல்லையா?

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 6
இருக்கிறது, நாளைக் குறைக்கிற வேலை இல்லை. பிரித்தானியாவில் கார்டிப் பல்கலைக்கழகத்தில் தடிமன் ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் நடந்தது. அங்கே 2008 இல் தடிமன்காரர் 30 பேருக்கு ஒரே பழரசத்தைச் சூடாகவும் சாதாரண வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கால் போகும் காற்றை அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்குத் தும்மல், இருமல், தொண்டை நோவு, குளிர், களைப்பு எல்லாம் உடனே இலகுவானது. கொத்தமல்லித் தண்ணி செய்யும் வேலையில் பெரிய பங்கு அந்தச் சூடும் வாசமும், இஞ்சி போட்டால் அதன் காரமும். இரவு நித்திரை வரும், தண்ணீர் உடம்புக்குள் போகும். அதுக்கு மேலே சொல்ல வேண்டாம், அதைக் குறைத்தும் பேச வேண்டாம்.

சமஹன் போன்ற கரைத்துக் குடிக்கும் பக்கற்றுகளுக்கும் இதே விடைதான். அவற்றில் சீனி சேர்ந்திருக்கும். நீரிழிவுக்காரர் நாளுக்கு மூன்று பக்கற் குடித்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏறாவூர்த் தாதி | டிசம்பர் 6
கசாயம், குளிசை எல்லாத்துக்கும் முந்தி ஒரு கேள்வி: இது தடிமன்தானா? நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கட பக்கம் நுளம்பு கூடுற காலம். மூக்கு ஒழுகாமல், தும்மல் இல்லாமல், திடீரெண்டு 102, 103 காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால நோவும் உடம்பு முறிவும் வந்தால் அது தடிமன் இல்லை, டெங்கு எண்டு நினைச்சுப் பாக்க வேணும். காய்ச்சல் மூண்டாம் நாளுக்கு வந்திட்டால் இரத்தப் பரிசோதனை, எப்.பி.சி., செய்ய வேணும். பெனடோல் மட்டும். டிக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் ஒண்டும் வேணாம்.

கசாயத்துக்கும் இதில ஒரு தொடர்பு இருக்கு. டெங்குச் சந்தேகம் உள்ள ஆளுக்குச் சிவப்பு, மண்ணிறம், கறுப்பு நிறக் குடிபானம் குடுக்க வேணாம் எண்டு நாங்க சொல்றது எதுக்கெண்டால், சத்தி எடுக்கக்குள்ள அது இரத்தமா, குடிச்சதா எண்டு பிரிச்சுப் பாக்க ஏலாது. மரமஞ்சள் கசாயம் அந்த நிறத்துக்குள்ளதான் வரும். கஞ்சி, இளநீர், ஜீவனி குடுங்க. காய்ச்சல் விட்ட அண்டைக்குத்தான் கூடுதல் கவனம்: வயித்து நோவு, தொடர்ந்து சத்தி, சலம் குறையிறது, கை கால் குளிர்றது, இதில ஒண்டு வந்தாலும் உடன ஆஸ்பத்திரி.

அக்கரைப்பற்றுக் காக்கா | டிசம்பர் 8
எங்கட ஊர்ல கருஞ்சீரகமும் தேனும்தான். தேன் நல்லதா, அதுக்கும் ஆய்வு இருக்கா?

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 8
காக்கா, இந்த இழையில் ஓரளவு நிமிர்ந்து நிற்கக்கூடிய சாமான் தேன்தான். இருமலுக்கு. பிள்ளைகளின் இரவு இருமலுக்குத் தேன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2018 இல் கொக்ரேன் திரட்டிப் பார்த்தது. ஒன்றும் கொடுக்காமல் விடுவதை விடத் தேன் நல்லது என்று வந்தது. படுக்க முந்தி அரை மணித்தியாலத்துக்குள் ஒரு தரம்: 2 முதல் 5 வயது வரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒரு தேக்கரண்டி, அதுக்கு மேல் இரண்டு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், பிள்ளை சோர்ந்து மூச்சுவிடக் கஷ்டப்படும். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிற வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கருஞ்சீரகத்துக்குத் தடிமனில் தேனளவு தெளிவான ஆதாரம் இல்லை. சாப்பாட்டோடு சேர்ப்பதில் பிழையில்லை, எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் குடிக்கத் தேவையில்லை.

தம்பிலுவில் பரியாரி | டிசம்பர் 9
தேன் வாங்கிறதில எங்கட பக்கம் கவனம் வேணும். மீன்பாடும் தேனாடு எண்டு பேர், ஆனால் வீதியோரம் விக்கிற போத்தல் எல்லாம் தேன் இல்லை. தண்ணியில விட்டுப் பாக்கிறது, தீக்குச்சிய நனைச்சுக் கொளுத்திறது, எறும்பு வருதா எண்டு பாக்கிறது: இதில ஒண்டையும் நம்ப வேணாம். சீனிப்பாகு இறுகக் காய்ச்சினதெண்டால் தண்ணியில நேர அடிக்குப் போகும், நல்ல தேன் ஈரம் கூடியிருந்தால் கரையும். வெட்டின வதையக் கண்ணால பாத்து வாங்குங்க, இல்லாட்டித் தெரிஞ்ச ஆளிட்ட வாங்குங்க.

மரமஞ்சளுக்கும் இப்பிடித்தான். அது கொடியின்ட தண்டு. முறிச்சால் உள்ளுக்குப் பளிச்செண்டு மஞ்சள் தெரிய வேணும், நாக்கில வைச்சால் கச்சல் பிடிக்க வேணும். மண்ணிறமாப் போய் நிக்கிறது பழைய சரக்கு. காட்டில குறைஞ்சுகொண்டு வாற கொடி அது, அரைச் சாக்கு வாங்கி வைச்சுப் பழுதாக்காதீங்க.

ஏறாவூர்த் தாதி | டிசம்பர் 9
மரமஞ்சள் பற்றி ஒண்டு சேர்க்கணும். அதில உள்ள பேர்பரின் கர்ப்பிணிக்கும், பால் குடுக்கிற தாய்க்கும், பிறந்த பிள்ளைக்கும் கூடாது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சட்காமாலை கூடினால் மூளைக்குப் பாதிப்பு வரும், பேர்பரின் அந்த ஆபத்தக் கூட்டும்.

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 12
நிலவேம்பைப் பற்றிக் கேட்டு மூன்று பேர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் தடிமனுக்கு நம்ம பக்கத்து மூலிகைகளில் கூடுதலாகப் பரிசோதிக்கப்பட்டது இதுதான்.

இதில் வேலை செய்யும் பொருள் என்று எடுத்துக்கொள்வது அன்ட்ரோகிரபோலைட். 2010 இல் இந்தியாவில் 223 பேருக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் சத்துக் குளிசையும் வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வரை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் குறைந்தது, அதுக்குப் பிறகு நிலவேம்புப் பக்கம் முந்தியது. 2017 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இருமலும் தொண்டை நோவும் குறைகின்றன என்றார்கள், அதோடு அந்த ஆய்வுகள் பலதின் தரம் குறைவு என்றும் எழுதினார்கள். தாய்லாந்தில் தடிமனுக்கு நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் அன்ட்ரோகிரபோலைட் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

இப்போது கடைச் சரக்குக்கு வாருங்கள். இந்தப் பொருள் கூடுதலாக இருப்பது இலையில், தண்டில் குறைவு. கட்டுக் கட்டாக விற்பதை விரித்துப் பார்த்தால் முக்கால்வாசி தண்டு. அதோடு இது தண்ணீரில் இலகுவில் கரையாது. அதனால் வீட்டில் அவித்த குடிநீரில் எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்று யாரும் சொல்ல ஏலாது. கசப்பு நாக்கைப் பிடுங்கும், அந்தக் கசப்பை அளவாக எடுக்கக் கூடாது. கொஞ்சம் இருந்தாலே அப்படித்தான் கசக்கும். ஆய்வில் வந்த முடிவு அளவு கட்டிய குளிசைக்கு உரியது. அதை எடுத்துக் குடிநீருக்கு ஒட்ட வேண்டாம்.

தம்பிலுவில் பரியாரி | டிசம்பர் 13
சரி. ஆனால் நிலவேம்புக் குடிநீர் எண்டால் நிலவேம்பு மட்டும் இல்லை, அதையும் பதிஞ்சு வைக்க வேணும். சித்தத்தில ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். அது காய்ச்சலுக்குச் சொன்ன குடிநீர். மூக்கொழுகலுக்குத் தனி நிலவேம்ப அவிச்சுக் குடிச்சுப்போட்டுக் குடிநீர் சரிவரல்ல எண்டு சொல்லக் கூடாது.

சளி கட்டின இருமலுக்கு எங்கட முறையில முன்னுக்கு வாறது ஆடாதோடை. முத்தின இலை அஞ்சு, நடு நரம்பக் கிழிச்சு எடுத்துப்போட்டு, ரெண்டு கப் தண்ணியில அவிச்சு அரைக் கப்பாக்கி, ஆறவிட்டுத் தேன் கலந்து ரெண்டு நேரமாக் குடிக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தேன் விட வேணாம். கர்ப்பிணிக்கு ஆடாதோடை குடுக்கவே கூடாது, கர்ப்பப்பையச் சுருக்கும்.

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 13
பரியாரியார் சொன்ன ஆடாதோடைக்கு என் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. அந்த இலையில் உள்ள வாசிசினைப் பார்த்து அதிலிருந்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். அம்புரொக்சோலும் அதே வழியில் வந்தது. பாமசியில் சளி இளக்கத் தரும் பாணிகளில் பலதுக்கு மூலம் நம்ம வேலியோரத்துச் செடி.

ஏறாவூர்த் தாதி | டிசம்பர் 16
நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறதப் பற்றி ஒருத்தரும் எழுதல்ல. ஆவி பிடிச்சால் அந்த நேரத்துக்கு மூக்குத் திறக்கும், நாள் குறையாது. எரிகாயத்தோட வாற பிள்ளைகளில பாதிக் கதை இதுதான்: பாயில சட்டி, மேல போர்வை, பிள்ளை காலை நீட்டும், சட்டி கவிழும். சின்னப் பிள்ளைக்கு ஆவி வேணவே வேணாம். பெரியாக்கள் கதிரையில இருந்து, சட்டிய மேசையில சுவரோட ஒட்டி வைச்சு, அடுப்பால இறக்கி அஞ்சு நிமிசம் ஆறவிட்டு, முகத்துக்கும் சட்டிக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டுப் பிடிக்க வேணும். தைலம், கற்பூரம் தண்ணிக்குள்ள போட வேணாம். ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையின்ட மூக்கில, நெஞ்சில கற்பூரம் சேர்ந்த தைலம் பூசவும் வேணாம், வலிப்பு வரலாம்.

மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணி போதும். கொதிச்சு ஆறின தண்ணி 240 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கிணத்துத் தண்ணிய அப்பிடியே மூக்குக்குள்ள விடக் கூடாது.

அக்கரைப்பற்றுக் காக்கா | டிசம்பர் 17
விற்றமின் சி, சிங்க் குளிசை? அதையும் மூலிகைப் போத்தலோட சேத்துத்தான் விக்கிறாங்க.

கல்முனை மருந்தாளர் | டிசம்பர் 17
மூலிகை இல்லை, ஆனாலும் சுருக்கமாக. விற்றமின் சி நாளாந்தம் 200 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர்களுக்குத் தடிமன் நாள் பெரியவரில் 8 சதவீதம், பிள்ளைகளில் 14 சதவீதம் குறைந்தது. வந்த பிறகு தொடங்கினால் பலன் இல்லை. இரண்டு கொய்யாப்பழம் சாப்பிட்டால் அந்த 200 வந்துவிடும். சிங்க்: 2024 இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, வந்த தடிமனை இரண்டு நாள் அளவில் குறைக்கலாம், ஆனால் உறுதி குறைவு, வாய்க்கசப்பும் குமட்டலும் உண்டு என்கிறது. மூக்குக்குள் விடும் சிங்க் மருந்து எந்த வடிவிலும் வேண்டாம். மணக்கும் திறன் போய்விடுகிறது என்று 2009 இல் அமெரிக்காவில் எச்சரித்தார்கள்.

களுவாஞ்சிக்குடிக் கேள்வி | 2025 ஜனவரி 7
அம்மாவுக்குப் பிரஷர் குளிசை, அப்பாவுக்கு இரத்தம் உறையாமல் வார்பரின். கசாயம் குடுக்கலாமா?

கல்முனை மருந்தாளர் | ஜனவரி 7
இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் கசாயத்தில் அதிமதுரம் போடாதீர்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சலம் போகும் குளிசையும் எடுப்பவருக்கு இன்னும் மோசம். கடையில் வாங்கும் கலவையில் அதிமதுரம் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

அப்பாவுக்குக் கொத்தமல்லித் தண்ணியோடு நிறுத்துங்கள். உள்ளிக் குளிசை, இஞ்சிச் சத்துக் குளிசை, மரமஞ்சள் கசாயம் மூன்றும் வேண்டாம். கறியில் போடும் உள்ளியும் இஞ்சியும் பிரச்சினை இல்லை, வழக்கமான அளவில் இருந்தால் சரி.

வலிப்புக்குப் பெனிற்றோயின், நெஞ்சுக்குப் புரொப்பிரனொலோல், இழுப்புக்குத் தியோபிலின் எடுப்பவர்கள் திரிகடுகப் பொடியைக் கரண்டிக் கணக்கில் எடுக்கக் கூடாது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் இந்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றும். இரசத்தில் போடும் மிளகு வேறு, பொடி வேறு.

சீந்தில்: கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று மாதக்கணக்கில் குடித்தவர்களில் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021 இல் மும்பை வைத்தியர்கள் எழுதினார்கள். தடிமனுக்கு அது தேவையில்லை.

தம்பிலுவில் பரியாரி | ஜனவரி 8
அதிமதுரம் பற்றிச் சொன்னத நானும் வழிமொழியிறன். நாங்களும் வீக்கம் உள்ள ஆளுக்கு அதக் குறைக்கிறதுதான்.

பஸ் நிலையத்தில, சந்தையில பேரில்லாப் பொடி விக்கிறவங்களிட்ட வாங்காதீங்க. "இழுப்பு, சளி ரெண்டு நாளில நிக்கும்" எண்டு சொல்லி, சொன்னபடி நிண்டால் அப்பதான் பயப்பட வேணும். எந்தக் கசாயமும் அப்பிடி நிறுத்தாது. உள்ளுக்கு ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம்.

கல்முனை மருந்தாளர் | ஜனவரி 8
ஆம். அப்படி நாளாகக் குடித்து முகம் ஊதி, சீனி ஏறியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

ஏறாவூர்த் தாதி | பெப்ரவரி 2
வெள்ளாமை வெட்டு நடக்குது. வட்டைக்குள்ள நிண்டு வந்து காய்ச்சல், தலையிடி எண்டால் தடிமன் எண்டு கசாயம் வைக்காதீங்க. கண் சிவந்து, கெண்டைக்கால் தொட ஏலாமல் நொந்து, சலம் குறைஞ்சால் அது எலிக்காய்ச்சல். அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலுக்க நிண்டத வைத்தியருக்குச் சொல்லுங்க. மருந்து இருக்கு, பிந்தினால் சிறுநீரகம் போகும்.

கல்முனை மருந்தாளர் | பெப்ரவரி 3
நிலவேம்புக்கு ஒரு எல்லை போட மறுபடி வருகிறேன், ஏனென்றால் என் டிசம்பர்க் குறிப்பைப் படித்துவிட்டுச் சிலர் போத்தல் கேட்கிறார்கள். அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் நிலவேம்புக் குளிசைகளால் வந்த கடும் ஒவ்வாமை பற்றி எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கி, மூச்சு முட்டி, முதல் குளிசையிலேயே வரலாம். சிலருக்கு நாக்கின் சுவை போயிருக்கிறது. முன்பு ஒவ்வாமை வந்தவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் தொட வேண்டாம். மற்றவர்களும் தடிமன் தொடங்கிய முதல் நாளிலேயே தொடங்கி ஐந்து நாளில் நிறுத்த வேண்டும், மாதக்கணக்கில் முன்காப்பாக எடுக்க ஒரு காரணமும் இல்லை. பெட்டியில் தாவரப் பெயர், எந்தப் பகுதி, எத்தனை மில்லிகிராம் அன்ட்ரோகிரபோலைட் என்று மூன்றும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். "500 மில்லிகிராம்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பொடியின் எடை.

களுவாஞ்சிக்குடிக் கேள்வி | பெப்ரவரி 3
போத்தல் வாங்கல்ல. அம்மா கொத்தமல்லித் தண்ணியோட நிக்கிறா, அதிமதுரத்த எடுத்தாச்சு. மொசுமொசுக்கை வறை சாப்பிடலாம்தானே?

தம்பிலுவில் பரியாரி | பெப்ரவரி 4
தாராளமா. கொழுந்து இலையா ஆய்ஞ்சு, நல்லாக் கழுவி, மெல்லிசா அரிஞ்சு, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு வறுங்க. முத்தின இலை சொரசொரத்துத் தொண்டையில பிடிக்கும்.